அபிசீனியாவுக்குப் பின்னிய ஸ்வெட்டர்

ஓய்வு பெற்ற ஆசிரியர்கள் சேர்ந்து வருஷத்துக்கு ஒரு மலர் போடுகிறார்கள். அதற்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி மூன்று வருஷமாக என்னைக் கேட்கிறார்கள். நானும் சாக்குச் சொல்லித் தட்டிக் கழித்து வந்தேன். இத்தனை பேர் இருக்க என்னை ஏன் கேட்கிறார்கள் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

போன மாதம், நான் வேலை பார்த்த பள்ளியிலிருந்து இரண்டு ஆங்கில ஆசிரியைகள் வீடு தேடி வந்தார்கள். இருவருக்கும் நைஜீரியாவில் வேலைக்குக் கடிதம் வந்திருக்கிறதாம். “டீச்சருக்கு அந்தக் காலத்திலேயே அபிசீனியாவுக்கு ஆர்டர் வந்ததாமே? ஏன் போகல்லை?” என்று கேட்டார்கள். எல்லோருக்கும் சொல்லும் பதிலையே அவர்களுக்கும் சொன்னேன்: ஒப்பந்தத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது, அதனால் போகவில்லை.

அது பொய். முப்பது வருஷமாக அலுக்காமல் சொல்லிவரும் பொய். அன்றைக்கும் அதைச் சொல்லி அவர்களை அனுப்பியிருப்பேன். ஆனால் ஒன்றைக் கவனித்தேன். இருவரும் ஒரே ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். ஒருத்தியின் கடிதம் மற்றவள் கைப்பையில் இருந்தது. “நீ எடுடி, உன்கிட்ட அல்லே ரெண்டும் இருக்கு” என்று ஒருத்தி சொல்ல, இரண்டு கடிதங்களையும் அவள் எடுத்து என் முன்னால் வைத்தாள். அவர்கள் போன பிறகு வெகுநேரம் அந்த நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தேன். பிறகுதான் எழுதுவது என்று முடிவு செய்தேன்.

சந்தேகம் எனக்கு அப்பாவிடமிருந்து வந்தது. நாகர்கோவில் பக்கத்திலிருந்து திருவனந்தபுரத்து ஆரியசாலைக்கு வந்து, ஒரு மலைச்சரக்கு மொத்தக் கடையில் சரக்குப் பார்க்கும் வேலையில் இருந்தார். மிளகு, சுக்கு, ஏலம் எது வந்து இறங்கினாலும் அப்பா தொட்டுப் பார்த்துச் சரி என்றால்தான் கடைக்குள் போகும். மற்றவர்கள் சாக்கின் வாயைத் திறந்து ஒரு பிடி அள்ளிப் பார்ப்பார்கள். அப்பா சாக்கைக் கவிழ்க்கச் சொல்வார். “மேல கிடக்கது நல்லாத்தான் இருக்கும் மக்கா, அடிச்சாக்கைப் பாக்கணும்” என்பார். மிளகுக்குச் சொன்னதை நான் மனுஷர்களுக்கும் வைத்துக்கொண்டேன். யாராவது சிரித்தால் எதற்கு என்று யோசிப்பேன். யாராவது உதவி செய்தால் இரண்டு தடவை யோசிப்பேன்.

மகளிர் கல்லூரியில் பி.ஏ. படித்தேன். பிறகு ஒரு வருஷம் ஆசிரியப் பயிற்சி. அங்கே உருப்படியாகக் கற்றது இரண்டு: வகுப்புக்கு முதுகைக் காட்டாமல் கரும்பலகையில் எழுதுவது, நடக்காத பாடத்தை நடந்த மாதிரிக் குறிப்பேட்டில் எழுதுவது. நாற்பத்தெட்டில் கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு பெண்கள் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தேன். மலையாளப் பிரிவும் தமிழ்ப் பிரிவும் உள்ள பள்ளி. மேல் வகுப்புகளுக்கு ஆங்கிலம் எடுக்க இரண்டே பேர், நானும் ஜானகியும். எங்களுக்கு ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, பொதுவாக ஒரு சிவப்பு மசிக்கூடு.

ஜானகி வலியசாலை அக்கிரகாரத்துப் பெண். பத்தொன்பது வயதில் புருஷன் இறந்துபோனான். அவளுடைய அண்ணா தெருவே ஏசினாலும் காதில் வாங்காமல் தங்கையைக் கல்லூரியில் சேர்த்தார், பி.ஏ. முடிக்க வைத்தார். கரையில்லாத வெளிறிய புடவை, சின்ன உருவம், என் தோளுக்குத்தான் வருவாள். காலையில் ஏழரைக்கே பள்ளிக்கு வந்து உட்கார்ந்துவிடுவாள். இவ்வளவு சீக்கிரம் வந்து என்ன செய்கிறாள் என்று எனக்கு முதல் வருஷம் முழுக்கச் சந்தேகம். ஹெட்மிஸ்ட்ரஸிடம் நல்ல பேர் வாங்குகிறாள் என்று நினைத்தேன். பிறகு ஒருநாள் அவளே சொன்னாள்.

“எட்டு மணிக்குத் தெருவிலே எல்லாரும் ஆபீசுக்குக் கிளம்புவா. எதிர்லே நான் போனா, திரும்ப ஆத்துக்குள்ளே போய் ஒரு வாய் ஜலம் குடிச்சுட்டுத்தான் புறப்படுவா. எதுக்கு அவாளுக்குக் கஷ்டம்? நான் ஏழு மணிக்கே பின்சந்து வழியா வந்துடறேன்.”

இதைச் சொல்லும்போது அவள் கை அதன் பாட்டுக்கு நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தது.

எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ் பார்கவியம்மா. அவர் கத்தி யாரும் கேட்டதில்லை. மேஜையில் இரண்டு பென்சில் வைத்திருப்பார், ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். திங்கட்கிழமை காலையில் எல்லோரும் அந்த வாரப் பாடக் குறிப்பைக் கொண்டுபோய் வைக்க வேண்டும். தப்பு இருந்தால் சிவப்பில் ஒரு கோடு. திருத்திக்கொண்டு வந்தால் விஷயம் முடிந்தது. நீலத்தில் ஒரு புள்ளி வைத்தால், ‘இது எனக்குத் தெரியும், பிறகு கேட்கிறேன்’ என்று அர்த்தம். அந்தப் ‘பிறகு’ நாளைக்கும் வரலாம், ஆறு மாதம் கழித்தும் வரலாம். சிவப்புக் கோட்டுக்குப் பயப்படாதவர்கள் எல்லாம் நீலப் புள்ளிக்குப் பயந்தோம்.

வகுப்பு நடக்கும்போது வராந்தாத் தூணுக்குப் பின்னால் நின்று கேட்பார். உள்ளே வரமாட்டார். ஒருநாள் ஒரு பெண் தப்பாகச் சொன்னதற்கு நான் அதட்டினேன். சாயங்காலம் கூப்பிட்டு, “தெற்று பறஞ்சால் தெற்று என்று நீ எதுக்குப் பறயணும்? சரியைக் காட்டு. குட்டி தானே மாத்திக்கும்” என்றார். மலையாளமும் தமிழும் கலந்துதான் எங்களிடம் பேசுவார். தப்பை அதட்டாதே, சரியைச் செய்து காட்டு என்ற அந்த ஒரு வார்த்தையை வைத்துத்தான் முப்பத்துமூன்று வருஷம் பிழைப்பு நடத்தினேன். ஆனால் அன்றைக்கு, தமிழச்சி என்பதால் என்னை மட்டும் ஒட்டுக் கேட்கிறார் என்றே நினைத்தேன்.

ஐம்பத்தைந்தின் கடைசியில் ஊரெல்லாம் ஒரே பேச்சு. தென் தாலுகாக்கள் மதராஸோடு சேரப் போகின்றன, இங்கே மலையாள மாநிலம் வரப் போகிறது. அங்கே பிறந்து இங்கே வேலை பார்க்கும் எங்களை என்ன செய்வார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. அந்தச் சமயத்தில் பார்கவியம்மா ஒரு நீளத் தாளில் எல்லோருடைய பிறந்த ஊரையும் எழுதி வாங்கினார். என் பெயருக்கு எதிரே நாகர்கோவில் என்று எழுதியபோது அவர் தலை நிமிரவே இல்லை. எனக்கு அதுவே போதுமானதாக இருந்தது. பட்டியல் போட்டு எங்களை வெளியே தள்ளப் போகிறார்கள் என்று முடிவு கட்டிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்துப் பேப்பரில் ஒரு விளம்பரம் வந்தது. அபிசீனியாவில் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்கு ஆங்கில ஆசிரியைகள் தேவை, மூன்று வருஷ ஒப்பந்தம், கப்பல் செலவு அரசாங்கத்தோடது. அந்தத் தேசத்து ஆட்கள் திருவனந்தபுரத்துக்கே வந்து நேர்காணல் நடத்துவார்கள். எங்கள் பகுதியிலிருந்து ஒரு பெண்ணைத்தான் எடுப்பார்கள்.

விண்ணப்பம் போட்டேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. நடக்கும் முன்னே சொன்னால் நடக்காது, கண் பட்டுவிடும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதோடு ஜானகியிடம் சொன்னால் அவளும் போடுவாள் என்று ஒரு பயம். அவள் என்னைவிட நல்ல ஆசிரியை என்பது எனக்குத் தெரியும். இங்கே அதை எழுதுவதில் எனக்கு வெட்கம் இல்லை.

அந்த நாட்களில் ஜானகி இடைவேளையில் சாம்பல் நிறக் கம்பளி நூலில் ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தாள். திருவனந்தபுரத்தில் ஸ்வெட்டர்! விசிறி இல்லாத அறையில் அந்த நூலைப் பார்த்தாலே எனக்கு வியர்க்கும்.

“இது யாருக்கு ஜானகி?”

“அண்ணா பிள்ளைக்கு. டில்லியிலே வேலையாயிடும் போலிருக்கு. அங்கே குளிர் ஜாஸ்தியாமே.”

முதுகுப் பக்கத்தை எடுத்து மேஜையில் விரித்து அளந்தாள். நான் கண்ணாலேயே அளந்தேன். அவளுடைய அண்ணா பிள்ளை நல்ல வாட்டசாட்டமான ஆள். இது அவன் தோளில் பாதிக்குக்கூட வராது. எனக்குப் பொறி தட்டியது. அபிசீனியாவில் மலை உயரம், குளிர் அதிகம் என்று நானும் பூகோளப் புத்தகத்தில் பார்த்து வைத்திருந்தேனே! ஆனால் வாய்விட்டுக் கேட்கவில்லை. கேட்டால் அவளும் என்னைத் திருப்பிக் கேட்பாள். அதனால் அவள் நூலைச் சுற்ற, நான் நோட்டைத் திருத்த, ஒரு மேஜையின் இரண்டு பக்கமும் உட்கார்ந்து இரண்டு பேரும் வாயை மூடிக்கொண்டிருந்தோம்.

நேர்காணலுக்கு முந்தின நாள் லீவுச் சீட்டு எழுதினேன்: கண்வலி. பார்கவியம்மா வாங்கிப் படித்தார். என் கண்ணை ஒரு தடவை பார்த்தார். நீலப் பென்சிலை எடுத்து மூலையில் ஒரு புள்ளி வைத்துக் கையெழுத்துப் போட்டார். மேஜையில் அதன் அடியில் இன்னொரு லீவுச் சீட்டு இருந்தது. தலைகீழாகத் தெரிந்தாலும் ஜானகியின் கையெழுத்து எனக்குத் தெரியாதா? மாமனார் திதி என்று எழுதியிருந்தாள். அதன் மூலையிலும் ஒரு நீலப் புள்ளி.

தைக்காட்டில் ஒரு பழைய பங்களாவில் நேர்காணல். வராந்தாவில் பெஞ்சு போட்டிருந்தார்கள். போனால், பெஞ்சின் ஓரத்தில் ஜானகி, மடியில் குடையை வைத்துக்கொண்டு. என்னைப் பார்த்ததும் அவள் முகம் சிவந்துபோயிற்று.

“திதி முடிஞ்சுதா?” என்றேன்.

“நோக்குக் கண்வலி எப்படி இருக்கு?” என்றாள்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்தது, சிரிக்கவில்லை. இதுதான் எங்கள் கூத்து. எட்டு வருஷம் ஒரே மசிக்கூட்டில் பேனாவைத் தோய்த்தவர்கள், ஒரே வேலைக்கு ஒருத்திக்குத் தெரியாமல் ஒருத்தி வந்து ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். முதலில் அவளைக் கூப்பிட்டார்கள். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வெளியே வந்தவள் என் முகத்தைப் பார்க்காமல் குடையை எடுத்துக்கொண்டு வராந்தாப் படியில் இறங்கினாள். ஏன் பார்க்கவில்லை? என்னைப் பற்றி உள்ளே என்ன சொன்னாள்? இந்தக் கேள்வியோடுதான் நான் உள்ளே போனேன்.

உள்ளே மூன்று பேர். ஒரு வெள்ளைக்காரர், அபிசீனியாக்காரர் ஒருவர், எழுதிக்கொள்ள ஒரு காரியதரிசி. மேஜையின் ஓரத்தில் நாலாவதாக ஒருத்தர். பார்கவியம்மா! உள்ளூர்த் தலைமை ஆசிரியைகளில் ஒருவர் கூட இருக்க வேண்டும் என்று அவரை அழைத்திருக்கிறார்கள். முன்னால் இரண்டு பென்சில். அவர் பேசவே இல்லை. யாரோ புது ஆளைப் பார்ப்பது போல் என்னைப் பார்த்தார்.

பேச்சு முழுக்க ஆங்கிலத்தில். சான்றிதழ்களைப் பார்த்த பிறகு வெள்ளைக்காரர், “இவர் பன்னிரண்டு வயதுப் பெண். தன் பாஷையைத் தவிர எதுவும் தெரியாது. இவருக்குப் பாடம் நடத்துங்கள்” என்று அபிசீனியாக்காரரைக் காட்டினார். தமிழும் மலையாளமும் போட்டு விளக்கியே பழகிய வாய்க்கு அது இரண்டும் இல்லை. என் டிபன் பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தேன். வீட்டுச் சாவியை அதன் மேலே வைத்துச் சொன்னேன், உள்ளே வைத்துச் சொன்னேன், அடியில் வைத்துச் சொன்னேன். பிறகு சாவியை அவர் கையில் கொடுத்தேன். அவர் வேண்டுமென்றே தப்பான இடத்தில் வைத்தார். நான் தப்பு என்று சொல்லவில்லை. சாவியை எடுத்துச் சரியான இடத்தில் வைத்து, திரும்பச் சொல்லி, மறுபடி அவர் கையிலேயே கொடுத்தேன். இந்தத் தடவை சரியாக வைத்தார், சிரித்தார். வெள்ளைக்காரர் எதையோ எழுதிக்கொண்டார். பார்கவியம்மா நீலப் பென்சிலை உருட்டிக்கொண்டிருந்தார்.

அதோடு விட்டிருக்கலாம். வெள்ளைக்காரர் தாள்களை அடுக்கிக்கொண்டே கேட்டார். “உங்களோடு வேலை பார்க்கும் ஜானகி அம்மாளைப் பற்றி ஒரு கேள்வி. அவர் விதவை, அண்ணன் வீட்டில் இருக்கிறார். தனியாகக் கடல் தாண்டி அனுப்ப அந்தக் குடும்பம் சம்மதிக்குமா? வந்தாலும் மூன்று வருஷம் தங்குவாரா? இப்படி வந்து ஆறு மாதத்தில் திரும்பிப் போனவர்கள் உண்டு. அவரைப் பக்கத்திலிருந்து பார்ப்பவர் நீங்கள். என்ன நினைக்கிறீர்கள்?”

ஒரு நிமிஷத்துக்குள் என் மனசு எங்கெல்லாம் போயிற்று! என்னிடம் அவளைப் பற்றிக் கேட்கிறார்கள் என்றால் அவளிடம் என்னைப் பற்றிக் கேட்டிருப்பார்கள். அவள் என்ன சொல்லியிருப்பாள்? ‘அவளுக்கு வயசான அப்பா, விட்டுவிட்டு வரமாட்டாள்’ என்றா? ‘தென் தாலுகாக்காரி, இங்கே என்ன ஆகும் என்றே தெரியாது’ என்றா? இல்லாவிட்டால் ஏன் என் முகத்தைப் பார்க்காமல் போனாள்? அண்ணா பிள்ளைக்கு ஸ்வெட்டர் என்று பொய் சொன்னவள்தானே?

அவளுடைய அண்ணாவை எனக்குத் தெரியும். தெருவை எதிர்த்துத் தங்கையைப் படிக்க வைத்தவர், கப்பலிலும் ஏற்றி அனுப்புவார். நன்றாகத் தெரிந்தே சொன்னேன்.

“அவர்கள் வீட்டில் சம்மதிக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன். சம்மதித்தாலும் அவரால் தங்க முடியாது. திரும்பிவிடுவார்.”

காரியதரிசி எழுதினார். உருண்டுகொண்டிருந்த நீலப் பென்சில் நின்றது. நான் எழுந்து வணக்கம் சொன்னபோது பார்கவியம்மா அன்றைக்கு முதல் தடவையாக வாய் திறந்தார். “கண்ணு பேதமாயோ, டீச்சரே?” கண் குணமாகிவிட்டதா என்று கேட்டார். நான் தலையாட்டிவிட்டு வெளியே வந்தேன்.

வாசல் மரத்தடியில் ஜானகி நின்றுகொண்டிருந்தாள். எனக்காகக் காத்திருந்தாளாம். ஒரு குடைக்குள் இரண்டு பேரும் நடந்தோம். பழவங்காடி வரைக்கும் அவள்தான் பேசினாள்.

“நோக்குக் கோபமா? எல்லாம் முடிவாகாமே சொல்லப்படாதுன்னு அண்ணா சொன்னான். உன்கிட்டே மறைச்சு மறைச்சு நேக்கு ரெண்டு மாசமா சோறே இறங்கல்லை. வெளியிலே வந்தப்போ உன் மூஞ்சியைப் பாக்கவே நாணமாயிருந்தது கேட்டியா.”

கோயில் முன்னால் நின்று இரண்டு தேங்காய் வாங்கினாள். ஒன்றை என் கையில் வைத்தாள்.

“உள்ளே உன்னைப் பத்தி என்கிட்டே கேட்டா. அப்பாவை விட்டுட்டு வருவாளான்னு. அதை அவகிட்டயே கேளுங்கோ, அவ வாழ்க்கையைப் பத்தி நான் எப்படிச் சொல்லறதுன்னுட்டேன். செரிதானே? என்னைப் பத்தி உன்கிட்டே ஏதானும் கேட்டாளா?”

“கேக்கல்ல” என்றேன்.

“அப்போ நல்லதாச்சு” என்று சொல்லித் தேங்காயை ஓங்கி உடைத்தாள். அது சிதறி நாலு பக்கமும் ஓடியது. என் காய் எப்படி உடைந்தது என்று எனக்கு நினைவில்லை.

ஆறு வாரத்தில் ஆர்டர் வந்தது, எனக்கு. பள்ளிக்கூட விலாசத்துக்கு வந்ததால் பார்கவியம்மா கையால்தான் வாங்கினேன். “வாழ்த்துகள்” என்றார், அவ்வளவுதான். ஆறு பக்க ஒப்பந்தம். நான் அதை மிளகுச் சாக்கு மாதிரிக் கவிழ்த்துப் பார்த்தேன். மூன்று வருஷம் என்று ஏன் கட்டிப் போடுகிறார்கள்? ‘அரசாங்கம் குறிப்பிடும் எந்த ஊரிலும்’ என்றால் எந்த ஊர்? உடம்புக்கு முடியாமல் போனால் யார் பார்ப்பார்கள்? சந்தேகப்பட ஏதாவது கிடைக்காதா என்று தேடினேன். கிடைத்தால் போகாமல் இருக்க ஒரு காரணம் ஆகும் அல்லவா?

அப்பாவிடம் கொண்டுபோனேன். அவர் போகாதே என்று பிடித்துக்கொண்டால் போதும் என்று நினைத்தேன். அவர் நாலு நாள் எடுத்துக்கொண்டார். ஏடனுக்குச் சரக்கு அனுப்பும் ஒரு வியாபாரியிடம் போய், அங்கிருந்து அபிசீனியா போய் வந்தவர்களைப் பற்றி எல்லாம் விசாரித்திருக்கிறார். ஐந்தாம் நாள் கூப்பிட்டார்.

“அடிச்சாக்கு வரைக்கும் பாத்தாச்சு மக்கா. ஒரு கலப்படமும் இல்ல. நீ தைரியமாட்டுப் போயிட்டு வா. நான் உங்க அண்ணன்கூட நாகர்கோவில்ல இருந்துக்கிடுதேன்.”

வாழ்நாளில் அப்பா எதையும் இவ்வளவு சீக்கிரம் நம்பியதில்லை. எனக்கு அழுகை வந்தது. மகள் சந்தோஷத்தில் அழுகிறாள் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

மறுநாள் ஏழரை மணிக்கே பள்ளிக்குப் போனேன். ஜானகி வழக்கம்போல் உட்கார்ந்திருந்தாள். செய்தி அவளுக்கு முன்பே தெரியும். மேஜை இழுப்பறையிலிருந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள். பிரித்தேன். அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர்.

“அண்ணா பிள்ளைக்குன்னு சொன்னது பொய்டி. நேக்குத்தான் பின்னினேன். இனி இது இங்கே எதுக்கு? அங்கே நல்ல குளிராம். நீ போட்டுக்கோ. கை மட்டும் கொஞ்சம் குட்டையாயிருக்கும், என் அளவு. ரெண்டு அங்குலம் கூட்டிப் பின்னித் தரட்டுமா?”

போட்டுப் பார்க்கச் சொன்னாள். போட்டேன். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்த ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு கப்பல் ஏற ஒரு பாவி வேண்டும். நான் அவ்வளவு பெரிய பாவி இல்லை என்று அந்த நிமிஷம் தெரிந்தது.

அன்றைக்கே கடிதம் எழுதினேன். என்னால் வர இயலாது. ஜானகியைப் பற்றி நேர்காணலில் நான் சொன்னது உண்மை அல்ல. அவர் குடும்பம் சம்மதிக்கும், அவர் மூன்று வருஷமும் தங்குவார், என்னைவிடச் சிறந்த ஆசிரியை, அவரை எடுத்துக்கொள்ளுங்கள். இதுவும் ஹெட்மிஸ்ட்ரஸ் வழியாகத்தான் போக வேண்டும். பார்கவியம்மா இரண்டு தடவை படித்தார். எந்தப் பென்சிலையும் தொடவில்லை.

“என் முன்னால கேட்டாங்க. என் முன்னால நீ பறஞ்சு. நான் அன்னைக்கே அவங்ககிட்ட பறஞ்சிருக்கணும், அந்த வீட்டை எனக்கும் தெரியும். பறஞ்சில்லை. நீயாட்டுத் திருத்துவாய்னு விட்டது. வைகிப்போச்சு தாணம்மாளே.”

நேரம் கடந்துவிட்டது என்றார். எட்டு வருஷத்தில் முதல் தடவையாக என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். கடிதத்தோடு தானும் ஒரு வரி சேர்த்து அன்றைய தபாலிலேயே அனுப்பினார். பதில் வர ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று. ஜானகியின் பெயரை நேர்காணலன்றே அடித்துவிட்டதால், நான் மறுத்ததுமே பட்டியலில் அடுத்திருந்த, வேறு ஊர் ஆசிரியை ஒருத்தியை எடுத்துவிட்டார்களாம். அவள் பம்பாயிலிருந்து கப்பலும் ஏறிவிட்டாளாம்.

பிறந்த ஊர்ப் பட்டியலின் கதையையும் சொல்லிவிடுகிறேன். அது எல்லாப் பள்ளிகளுக்கும் மேலிடத்திலிருந்து வந்த படிவம். எங்கள் குமாஸ்தா பின்னால் சொன்னார். என் பெயருக்கும் இன்னும் இரண்டு தமிழ் ஆசிரியைகள் பெயருக்கும் எதிரே பார்கவியம்மா ‘இவர்களை இந்தப் பள்ளியிலிருந்து விட இயலாது’ என்று எழுதி அனுப்பியிருக்கிறார். ஐம்பத்தாறு நவம்பரில் நாகர்கோவில் மதராஸுக்குப் போயிற்று. நான் இங்கேயே இருந்தேன்.

ஜானகி என்னை வாரக் கணக்கில் திட்டினாள். “அசடு! கையிலே வந்ததை விட்டுட்டியே! ஒப்பந்தத்திலே சந்தேகமாம் சந்தேகம்! உன் சந்தேகத்தைக் கொண்டுபோய்க் கடல்லே போடு.” நான் அந்தக் காரணத்தையே பிடித்துக்கொண்டேன். அவளுக்குச் சொன்னதை ஊருக்கும் சொன்னேன். முப்பது வருஷமாகச் சொல்லிவிட்டேன்.

அவளுக்கு வேறு எந்த வாய்ப்பும் வரவில்லை. அண்ணா காலமான பிறகு கடல் தாண்ட அனுப்பவும் ஆள் இல்லை. ஓய்வு பெறும் நாள் வரைக்கும் காலை ஏழு மணிக்கு அந்தப் பின்சந்து வழியாகவே வந்தாள். கடைசி நாளன்று நான் மாலை வாங்கிக்கொண்டு வீட்டு வாசலில் போய் நின்றேன், முன்பக்கமாகக் கூட்டிக்கொண்டு வரலாம் என்று. அவள் அன்றைக்கும் பின்பக்கமாகவே போய்விட்டிருந்தாள். அந்தச் சந்தில் அவள் நடந்த காலை ஒவ்வொன்றிலும் என் பங்கு இருக்கிறது.

இப்போதும் வெள்ளிக்கிழமைதோறும் வலியசாலைக்குப் போகிறேன். இருவரும் பழைய கதை பேசுவோம். அவளுக்கு எல்லாம் தெரிந்திருக்குமோ என்று அவள் முகத்தைப் பார்த்துச் சந்தேகப்படாத வெள்ளிக்கிழமை எனக்குக் கிடையாது. அவள்தான் என்னை ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

மலர் அச்சாகி வந்ததும் ஒரு பிரதியை வாங்கி, அந்த ஸ்வெட்டரையும் எடுத்துக்கொண்டு நானே போகப் போகிறேன். பூச்சி அரிக்காமல் முப்பது வருஷமாக வேப்பிலை போட்டு வைத்திருக்கிறேன். அவள் படித்து முடிக்கும் வரைக்கும் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன். எழுந்து போகச் சொன்னால் போய்விடுவேன்.

பழவங்காடியில் கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நீ என்னைக் கேட்டாயே, ஜானகி. கேட்டார்கள். நான் சொன்னேன்.